செஞ்சிச் சீமையில் எலும்பு வைத்தியம்

செஞ்சிக் கோட்டையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதனை அரசர்களின் சரித்திரமாகவே எழுதிச் சென்றார்கள். பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்ட பெருநூலைப் படிப்பவர்க்கு, ஆனந்தக் கோன் முதலாகிய பழைய தலைவர்களும், அவர்களுக்குப் பின் வந்த நாயக்க மன்னர்களும், 1649-இல் கோட்டையைக் கைக்கொண்ட பீஜப்பூர்ப் படையும், 1677-இல் அதனை வென்ற சிவாஜியும், நெடிய முற்றுகைக்குப் பிறகு 1698-இல் உட்புகுந்த மொகலாயரும், 1714-இல் இளம்பிராயத்திலேயே போர்க்களத்தில் உயிர் நீத்த தேசிங்கு ராஜனும், 1750-இல் வந்த பிரெஞ்சுக்காரரும், 1761-இல் அவர்களை அகற்றிய ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராகக் கண்முன் தோன்றுவார்கள். ஆனால், ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள இராஜகிரியில் படி செதுக்கிய கல்தச்சரும், அப்படிகளில் நெல்லும் நீரும் சுமந்தேறிய ஆடவரும் பெண்டிரும், வயது முதிர்ந்தபின் எவ்வாறு வாழ்ந்தார்கள், முதுகு வளைந்து, கால் இடறி விழுந்து, இடுப்பொடிந்து கிடந்த காலத்தில் அவர்களுக்கு யார் என்ன வைத்தியம் செய்தார்கள் என்பதை அறிய விரும்புவோர்க்கு அத்தகைய நூல்கள் துணைசெய்வதில்லை. 2025-ஆம் ஆண்டில் மராட்டியர் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகி, கல்லுக்கும் மதிலுக்கும் உரிய சிறப்புக் கிடைத்துவிட்ட இந்நாளில், அம்மதிலின் நிழலில் வாழ்ந்த மக்களுடைய எலும்பின் சரித்திரத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது தகும்.

பாறைமேல் பாறை அடுக்கியதாய்க் கிடக்கும் இம்மலைகளின் இடுக்குகளிலும், அடிவாரத்து வேலிகளிலும் தானாகவே படர்ந்து வளர்வது பிரண்டை. நான்கு பட்டையாய், கணுக்கணுவாய், தண்ணீர் ஊற்றுவாரின்றியே கோடையைத் தாங்கி நிற்கும் இக்கொடி வச்சிரவல்லி என்ற பெயரோடு வைத்திய நூல்களில் எலும்புக்குரிய மூலிகையாகப் பேசப்படுகிறது. நூல் அறியாத வீடுகளிலும் இதன் பிரயோகம் பரம்பரையாக வந்துள்ளது. இளங்கொடியாகப் பார்த்து ஒடித்து வந்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை நீக்கிப் பட்டையோரத்து நாரை உரித்து, துண்டு துண்டாக நறுக்கி, பச்சை நிறம் மாறி வெளுக்கும்வரை எண்ணெயில் வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பும் மிளகாயும் கூட்டி, புளியைத் தாராளமாக வைத்து அம்மியில் அரைத்தெடுத்தால் பிரண்டைத் துவையல் ஆகும். எண்ணெய் தடவாத கை அரிக்கும். புளி குறைந்தால் நாவும் தொண்டையும் அரிக்கும். பிரண்டையில் ஊசி ஊசியாய் அமைந்திருக்கும் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பே இவ்வரிப்புக்குக் காரணமென்று பிற்காலத்து ரசாயனம் கண்டறிந்து சொல்வதற்கு வெகுகாலம் முன்பே, அதனை அடக்கும் வழியை நம் பெண்கள் அனுபவத்தினாலேயே அறிந்திருந்தார்கள்.

சித்த வைத்தியமோ, சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்று உடம்பின் தாதுக்களை ஏழாக வகுத்து, என்பை ஐந்தாவதாக வைத்தது. சங்கு, முத்துச்சிப்பி, பவளம், முட்டையோடு முதலியவற்றைச் சுத்தி செய்து, புடமிட்டு நீற்றி, பற்பமாக்கி, நெய்யிலோ பாலிலோ குழைத்துக் கொடுக்கும் முறை அதில் உண்டு. இப்பொருள்கள் யாவற்றிற்கும் அடிப்படை சுண்ணாம்புச் சத்தே. இன்று மருந்துக்கடையில் வாங்கும் கால்சியம் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படையும் அதுவே என்பதை நோக்கும்போது, எலும்புக்கு வேண்டிய மூலப்பொருள் எது என்பதில் பழைய வைத்தியரின் கருத்துச் சரியான திசையிலேயே சென்றிருக்கிறது என்று சொல்லலாம்.

எலும்பு முறிந்தவர்க்கோ கட்டு வைத்தியர் இருந்தார். முறிந்த இடத்தை விரலால் தடவியே எலும்பின் நிலையை உணர்ந்து, ஒருவர் தோளைப் பற்றிக்கொள்ள மற்றொருவர் கையை இழுக்க, விலகிய முனைகளை நேர்படுத்தி, முட்டையின் வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்துத் துணியில் தடவிப் பத்துப் போட்டு, மேலே மூங்கில் சிம்புகளை வரிசையாக வைத்துக் கட்டி, நாள் குறித்து அவிழ்த்து, எண்ணெய் நீவி, மறுபடியும் கட்டுவது அவர்தம் முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சித்தூர்ப் பக்கத்துப் புத்தூரின் பெயர் இவ்வைத்தியத்தில் ஓங்கியது. இன்றளவும் தமிழ்நாட்டின் ஊர்களில் ‘புத்தூர் கட்டு’ என்ற பலகையைக் காணாமல் கடைத்தெருவைக் கடப்பது அரிது. கை விரல், முன்கை, இளம் பிள்ளைகளின் முறிவு ஆகியவற்றில் இக்கைகள் பலரைக் காப்பாற்றியதும் உண்மை. கட்டு அளவுக்குமீறி இறுகியதனால் இரத்த ஓட்டம் நின்று கையையே இழந்தவர்கள் உண்டென்பதும் உண்மை.

ஆயினும், இவ்வளவு செழித்திருந்த சம்பிரதாயத்தில் ஒரு வினா எழாமலே போயிற்று. விழுந்தவருடைய எலும்பு முறிந்தது என்பதோடு விசாரணை நின்றுவிட்டதேயன்றி, இருபது வயதுப் பெண் விழுந்தால் சிராய்ப்போடு எழுந்துபோகும் அதே இடத்தில், எழுபது வயதுப் பாட்டி விழுந்தால் மட்டும் தொடை எலும்பின் கழுத்து முறிவானேன் என்று கேட்பார் இல்லை. இடுப்பருகே முறிந்த எலும்பைச் சிம்பு வைத்துக் கட்டவும் இயலாது. கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ள, கிழவி கட்டிலில் கிடப்பாள். முதுகில் படுக்கைப்புண் வரும். நெஞ்சில் சளி கட்டும். சில மாதங்களில் உயிர் பிரியும். ‘விழுந்தாள், படுத்தாள், போனாள்’ என்று மூன்று சொல்லில் ஊர் அதனைச் சொல்லி முடித்துவிடும். இதனை அக்காலத்தவரின் கல்நெஞ்சம் என்று கருதுதல் தவறு. நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. அம்மையும் பேதியும் பஞ்சமும் இளமையிலேயே பலரை வாரிக்கொண்டு போன நாளில், விருத்தாப்பியத்தை எட்டியவர் தொகை சிறிதாக இருந்தது. அவர்களுடைய கூன் முதுகு நோயாகத் தோன்றாமல் வயதின் அடையாளமாகத் தோன்றியதும் இயல்பே. இன்று சராசரி ஆயுள் எழுபதைத் தொட்டுவிட்டது. அன்று ஒருசில வீடுகளில் நேர்ந்தது இன்று எல்லாத் தெருக்களிலும் நேர்கிறது.

மேல்நாட்டிலும் இவ்வினா எழுந்தது மிகப் பழங்காலத்தில் அன்று. 1820-களில் லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் என்னும் சத்திர வைத்தியர், முதியவர்களின் எலும்பு கனம் குறைந்து மெலிவதற்கும் தொடைக் கழுத்து முறிவதற்கும் தொடர்புண்டென்று எழுதினார். அடுத்த பத்தாண்டுக்குள் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து லோப்ஸ்டைன், அறுத்துப் பார்த்த எலும்புகளில் துளைகள் பெருத்திருக்கும் நிலைக்கு, இன்று நாம் எலும்புப் புரை என வழங்கும் பெயரை இட்டார். அதற்குமேல் ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்பவர், முதுகெலும்பு நசுங்கி வந்த நோயாளிகளுள் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற ஸ்திரீகளாய் இருத்தலைக் கவனித்து, ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதே இதற்குத் தலையாய காரணம் என்று நிறுவினார். வயதின் விதி என்று விடப்பட்ட ஒன்று, காரணமும் பரிகாரமும் தேடத்தக்க நோயாக மாறியது அந்நாளில்தான்.

எலும்பு ஒருமுறை கட்டி முடித்த பொருளன்று. செஞ்சியின் மதில்களை எண்ணிப் பாருங்கள். நாயக்கர் கட்டியதில் ஒரு பகுதியைச் சிவாஜியின் ஆட்கள் இடித்துப் புதிதாக எழுப்பினார்கள் என்று அக்காலத்து ஏசு சபைப் பாதிரிமாரின் கடிதங்கள் கூறுகின்றன. பின்வந்தவர்களும் பழுதான இடத்தைப் பிரித்துக் கட்டினார்கள். இடிப்பவரும் கட்டுபவரும் ஒருவர்க்கொருவர் ஈடுகொடுத்த வரையில் கோட்டை நின்றது. கொத்தர்கள் குறைந்து, பெயர்ந்த கல் பெயர்ந்தபடியே கிடக்கத் தொடங்கியபோது மதில் தளர்ந்தது. நம் எலும்பிலும் பழையதை அரித்தெடுக்கும் அணுக்கள் ஒருபுறமும், புதியதைப் படியவைக்கும் அணுக்கள் மறுபுறமும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. ஏறத்தாழ முப்பது வயது வரையில் வரவு மிகும். பிறகு சிலகாலம் சமநிலை. மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளில் பெண்களுக்குச் செலவு வேகமாக மிகும். ஆண்களுக்கும் எழுபதை ஒட்டி மிகும். இப்புரைக்கு இன்றுள்ள மருந்துகள் யாவும், இடிப்பவர் கையைத் தடுப்பவை, கட்டுபவரைப் பெருக்குபவை என்னும் இரு பிரிவில் அடங்கும். மூட்டுகளில் உள்ள மெத்தை தேய்ந்து வலிக்கும் மூட்டுத் தேய்மானம் வேறு. எலும்பே உள்ளூர மெலியும் இப்புரை வேறு. முன்னது வலியால் தன்னை அறிவிக்கும். பின்னது முறியும்வரை மௌனமாயிருக்கும்.

ஆல்பிரைட் காலத்திற்குப் பின் ஈஸ்ட்ரோஜன் நெடுநாள் முதன்மையான மருந்தாக விளங்கியது. இழந்த சுரப்பை மீட்டுக் கொடுத்தால் எலும்பு மட்டுமன்றி இருதயமும் காக்கப்படும் என்ற நம்பிக்கையோடு கோடிக்கணக்கான பெண்கள் அதனை உட்கொண்டார்கள். 2002-ஆம் ஆண்டு ஜூலையில், 16,608 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பெரும் பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து உண்டவர்களுக்கு இடுப்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது உண்மையே. ஆனால் மார்பகப் புற்றும், பக்கவாதமும், இரத்தக் குழாயில் உறைகட்டுதலும், இருதய நோயுமே மிகுந்தன. எலும்பைக் காத்த மருந்து என்பதனால் மட்டும் அது உடம்புக்கு நன்மை செய்த மருந்து ஆகிவிடவில்லை.

இதனினும் ஆழ்ந்த படிப்பினை ஒன்று நம் சென்னை மாகாணத்தின் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1937-ஆம் ஆண்டில், கிண்டி கிங் நிலையத்தின் தலைவராயிருந்த ஷார்ட் என்பவரும், மக்ராபர்ட், பர்னார்டு, நாயர் என்ற மற்ற மூவரும், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவின் கிராமங்களில் கண்ட விசித்திர ரோகம் ஒன்றைப்பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். அவ்வூர்க் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தது. அதைப் பல்லாண்டு குடித்தவர்களுக்கு முதலில் பல் கறை படிந்தது. பின்னர் முதுகு கழியென விறைத்துத் திரும்பவும் குனியவும் மாட்டாத நிலை வந்தது. அவர்களுடைய எலும்பை எக்ஸ்ரே படத்தில் நோக்கினால் வழக்கத்தைவிட அடர்ந்து, வெண்மை மிகுந்து தோன்றும். படத்தைமட்டும் பார்ப்பவர் இதனினும் உறுதியான எலும்பு இல்லையென்றே சொல்வர். எலும்புக்கு உரியவரோ பாயைவிட்டு எழமாட்டாமல் கிடந்தார்.

அதே ஃபுளோரைடை, எலும்பை அடர்த்தியாக்கும் குணம் கருதி, 1960-கள் தொடங்கி மேல்நாட்டு வைத்தியர்கள் எலும்புப் புரைக்கு மருந்தாகவே கொடுத்து வந்தார்கள். 1990-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சார்ந்த ரிக்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும், 202 பெண்களை நான்காண்டு தொடர்ந்து பார்த்த பரீட்சையின் முடிவை வெளியிட்டனர். ஃபுளோரைடு உண்டவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் உயர்ந்தது. முதுகெலும்பு முறிவோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. கை, கால் முதலிய பிற எலும்புகளின் முறிவு மிகுந்தது. அடர்த்தி வேறு, வலிமை வேறு என்பது ஐயமற விளங்கியது. அன்றுமுதல் எலும்பு மருந்து எதுவாயினும், ‘எலும்பு கனத்ததா?’ என்று கேட்டு அமைந்துவிடாமல், ‘முறிவு குறைந்ததா?’ என்று கேட்பதே முறை என்பது வைத்திய உலகில் நிலைபெற்றது. முதியவர்க்கு மருந்து தேர்வுசெய்யும் எவரும் கையில் கொள்ளவேண்டிய உரைகல் இதுவே.

இவ்வுரைகல்லில் தேறிய முதல் வரிசை மருந்துகள் பிஸ்பாஸ்போனேட் என்னும் இனத்தவை. குழாய்களில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் பொருள்களை ஒட்டிய ஆராய்ச்சியிலிருந்து, சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃபிளைஷும் அவருடைய சகாக்களும் 1960-களின் இறுதியில் இவற்றின் குணத்தைக் கண்டு வெளியிட்டார்கள். எலும்பின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, அதனை அரிக்க வரும் அணுக்களின் தொழிலை இவை முடக்குகின்றன. இவற்றுள் அலெண்ட்ரோனேட் 1995-இல் அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி பெற்றது. ஏற்கெனவே முதுகெலும்பு நசுங்கிய 2,027 பெண்களைக்கொண்டு நடந்து 1996-இல் வெளிவந்த பரீட்சையில், ஏறத்தாழ மூன்றாண்டுக் காலத்தில், வெறும் மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு இருவர்க்கு இடுப்பு முறிந்தது. மருந்துண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர்க்கே முறிந்தது. முதுகெலும்பு முறிந்து வலியோடு வந்தவர் தொகை நூற்றுக்கு ஐந்திலிருந்து இரண்டு சொச்சமாகக் குறைந்தது. பாதியாகக் குறைந்தது என்று சொல்வதும் உண்மை. நூற்றுக்கு ஒருவர் காக்கப்பட்டார் என்று சொல்வதும் உண்மை. இரண்டையும் சேர்த்து எண்ணுபவர்க்கே, முறிவு அபாயம் மிகுந்தவர்களுக்குத்தான் இம்மருந்தினால் பயன் பெரிது என்பது புலனாகும்.

வாரத்திற்கு ஒருமுறை உண்ணும் இம்மாத்திரைக்கு ஒரு நியமம் உண்டு. குறித்த கிழமையில் எழுந்தவுடன், காப்பிக்கும் முன்பாக, வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்கவேண்டும். அதற்குப்பின் அரைமணி நேரம் வேறொன்றும் உண்ணாமல், படுக்காமல், நிமிர்ந்து உட்கார்ந்தோ நடந்தோ இருக்கவேண்டும். பாலோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது. விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அதிகாலைக் காப்பியில்லாமல் நாளைத் தொடங்க மாட்டாதவர்க்கும், நிமிர்ந்து உட்கார இயலாதவர்க்கும், உணவுக்குழாயில் கோளாறு உள்ளவர்க்கும் இது பொருந்தாது. சிறுநீரகம் மிகத் தளர்ந்தவர்க்கு இவ்வினமே ஆகாது. மாத்திரை ஒவ்வாதவர்க்கு, ஆண்டுக்கு ஒருமுறை இரத்தக் குழாய்வழி ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் உண்டு. 2007-இல் வெளிவந்த பரீட்சையில், மூன்றாண்டில் முதுகெலும்பு நசுங்கியவர் தொகையை அது நூற்றுக்குப் பதினொன்றிலிருந்து மூன்றாகக் குறைத்தது. முதல்முறை ஏற்றியபின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வருவதுண்டு. அடுத்த முறைகளில் அது பெரும்பாலும் தணிந்துவிடும்.

2010-இல் அனுமதி பெற்ற டெனோசுமாப், ஆறு மாதத்திற்கு ஒருமுறை தோலடியில் போடும் ஊசி. சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தவர்க்கும், இரத்தத்தில் கால்சியம் தாழ்ந்துவிடாமல் கவனித்துக்கொண்டு இதனைக் கொடுக்கலாம் என்பது இதன் வசதி. ஆனால் இதனைத் தொடங்கியவர் தம் விருப்பப்படி நிறுத்துதல் பேராபத்து. தவணை தவறினால், அதுவரை அடங்கியிருந்த அரிப்பு ஒருங்கே பொங்கி, முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்குவது உண்டு. ஆறு மாதத்திற்கு ஒருமுறை தவறாமல் நகரத்து மருத்துவமனைக்கு வந்துசேரும் வசதி தமக்கு உண்டா என்பதைக் கிராமத்து முதியவர் மருந்து தொடங்குமுன்பே எண்ணவேண்டும். நிறுத்த நேர்ந்தால் வைத்தியர் வேறொரு மருந்தைத் தொடர்ந்து கொடுப்பார். கட்டும் அணுக்களை ஊக்கும் பிரிவில் 2002-இல் வந்த டெரிபாரடைடு நாள்தோறும் போடவேண்டிய ஊசி; ஏறத்தாழ இரண்டாண்டோடு அதனை முடித்து, கட்டியதைக் காக்க மற்றொரு மருந்தைத் தொடரவேண்டும். 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரோமோசோசுமாப், மாதந்தோறும் ஓராண்டுக்குக் கொடுக்கப்படுவது. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்க்கு ஆகாது. இவ்விரண்டும் முறிவு பல கண்டு, எலும்பு மிகவும் நலிந்தவர்க்கென்று ஒதுக்கிவைக்கத்தக்கவை.

இம்மருந்துகளைப்பற்றி மக்கள் மனத்தில் உள்ள அச்சங்களையும் அளந்தே பார்க்கவேண்டும். அரிப்பைத் தடுக்கும் மருந்துகளால் தாடையெலும்பு பட்டுப்போதல் உண்டென்பது 2003 முதலும், நெடுங்காலம் உண்டவர்க்குத் தொடையெலும்பின் நடுப்பகுதி வழக்கத்திற்கு மாறாக முறிதல் உண்டென்பது 2005-ஐ ஒட்டியும் வெளிவந்தன. இரண்டும் மெய், இரண்டும் அரியன. பல் பிடுங்கவேண்டியிருந்தால் மருந்து தொடங்குமுன்பே அதை முடித்துக்கொள்ளுதலும், மருந்துண்ணும் காலத்தில் தொடையில் காரணமற்ற வலி தொடர்ந்தால் உடனே வைத்தியரிடம் சொல்லுதலும், ஐந்தாண்டு மாத்திரை உண்டபின் அபாயம் குறைந்திருந்தால் வைத்தியரின் யோசனைப்படி சிலகாலம் நிறுத்திவைத்தலும் இவற்றுக்கு உரிய காப்புகள். அரியதொரு கெடுதிக்கு அஞ்சி, கண்ணெதிரே அன்றாடம் நேரும் இடுப்பு முறிவை வரவழைத்துக்கொள்வது விவேகமாகாது.

பிரண்டையின் நிலை என்ன என்று கேட்பவர்க்கும் மரியாதையான விடை உண்டு. 1921-இல் சென்னை அரசாங்கம் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்துச் சுதேச வைத்தியங்களை விசாரித்த காலந்தொட்டு, நம் மூலிகைகளைப் பரீட்சித்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் வளர்ந்து வந்தது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் 1960-களின் தொடக்கத்தில் பிரண்டையை விலங்குகளுக்குக் கொடுத்து, முறிந்த எலும்பு விரைந்து கூடுவதைக் கண்டு எழுதினார்கள். பாட்டியின் அனுபவத்துக்கு அது சிறந்த ஆதரவே. எனினும், ஆயிரக்கணக்கான முதியவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து, முறிவு குறைந்ததா என்று பார்த்த பரீட்சையின் துணை அதற்கு இன்னும் இல்லை. ஆகையால் துவையலாக இலையில் அது இடம்பெறுதல் நலம்; முறிவு கண்டவர்க்கு மருந்துக்கு மாற்றாக அதனை வைத்தல் நலமன்று.

உணவின் சரித்திரத்திலும் செஞ்சிச் சீமை ஒன்றை இழந்துவிட்டு நிற்கிறது. மானாவாரிப் பூமியில் கேழ்வரகும் கம்பும் விளைந்து, காலையில் கூழாக வயிற்றை நிறைத்த காலம் போய், நெல்லும் மணிலாவும் நிலத்தை நிறைத்து, செஞ்சியின் விற்பனைக்கூடம் நெல்வரத்துக்குப் பேர்பெற்ற நாளில், மூன்று வேளையும் அரிசியே உணவாயிற்று. குன்னூரில் தொடங்கிப் பிறகு ஐதராபாத்துக்குச் சென்ற உணவாராய்ச்சி நிலையத்தின் அட்டவணைப்படி, நூறு கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியிலோ பத்து மில்லிகிராம் அளவே. வயது வந்தவர்க்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்நாளைய கணக்கு. மாதவிடாய் நின்ற பெண்களை ஆராய்ந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புப் புரை இருந்ததும், கால்சியம் குறைந்த உணவு பரவலாக இருந்ததும், வெயிலுக்குக் குறைவில்லாத நாட்டில் வைட்டமின் டி பாதிப் பேருக்குப் போதாமலிருந்ததும் தெரியவந்தன. இவ்விரண்டு குறைகளையும் நிரப்பாமல் மேற்சொன்ன எந்த மருந்தைக் கொடுத்தாலும் முழுப்பயன் கிட்டாது. இவ்விரண்டை மட்டுமே கொடுத்து, முறிவு கண்டவரைக் காத்துவிட்டோம் என்று அமைவதும் பிழை.

மருந்துகள் பல நம் நாட்டிலேயே தயாராகி விலை இறங்கிவிட்டன. செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரி ஜிப்மருக்கும் பஸ் ஓடுகிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் கருவியும், வயதையும் பழைய முறிவையும் கொண்டு வருங்கால அபாயத்தைக் கணிக்கும் முறையும் வந்துவிட்டன. இத்தனையும் இருந்தும், ‘வயசானா எலும்பு தேயத்தான் செய்யும்’ என்ற பழைய சொல் இன்னும் நம் வீடுகளில் ஆட்சி செய்கிறது. நிற்கும்போதோ நடக்கும்போதோ வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த ஐம்பது வயதுக்கு மேற்பட்ட தாய்க்குக் கட்டுப் போட்டு, கட்டு அவிழ்ந்த அன்றே கடமை முடிந்ததென்று மகனும் மகளும் திரும்பிவிடுகிறார்கள். அம்முறிவு அடுத்த முறிவுக்கு முன்னறிவிப்பு. அடுத்தது இடுப்பாக இருக்கலாம்.

ஆதலால் இதனைப் படிப்போரிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு முதியவர்க்கு எலும்பு முறிந்தால் அதனைக் கூட்டிவைத்த வைத்தியரிடமே, இவ்வெலும்பு ஏன் முறிந்தது என்று கேளுங்கள். அடர்த்தியை அளக்கவேண்டுமா, சிறுநீரகமும் கால்சியமும் வைட்டமின் டியும் எந்நிலையில் உள்ளன, எந்த மருந்து முறிவைக் குறைக்கும், அதனை இவரால் எத்தனை ஆண்டு தவறாமல் தொடர முடியும், நிறுத்தும்போது என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாக விசாரித்து, அவரையும் கலந்துகொண்டு முடிவு செய்யுங்கள். குளியலறைத் தரையின் ஈரத்தைத் துடையுங்கள். இரவில் ஒரு விளக்கு எரியட்டும். கண்ணில் புரை இருந்தால் நீக்குங்கள். நாள்தோறும் வெயிலில் சிறிதுநேரம் நடக்கச் சொல்லுங்கள். முறிந்த எலும்பைக் கட்டும் கலை நம்மிடம் பல தலைமுறையாக இருந்துவருகிறது. முறியுமுன் காக்கும் வழி நம் தலைமுறைக்குத்தான் கிடைத்திருக்கிறது. கிடைத்ததைப் பயன்படுத்தாமல் விட்டால் அந்தக் குற்றம் வயதின்மேல் இல்லை, நம்மேல்தான்.